கண்களால் பேசிய சுலோசனா

சினிமா என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது எது? பாட்டு, அடுத்தது வசனம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூட்டத்தின் பின்னால் சிக்கிக்கொண்டு திரையே தெரியாமல் உட்கார்ந்தவர்கூட, காதில் விழுந்த வசனத்தை வைத்தே மறுநாள் கதையை ஒப்பித்துவிடுவார். நடிகர் திலகத்தின் வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டும் ஓர் இளைஞராவது இல்லாத லயம் உண்டா?

ஆனால், அன்பு நேயர்களே, சினிமா பிறந்தபோது அதற்கு வாய் கிடையாது! அந்த ஊமைக் காலத்தில் இந்தியத் திரையை ஆண்ட ஒரு பெண்மணியைத்தான் இங்கே உங்களுக்கு அறிமுகம் செய்கிறோம். அவர் தமிழரல்லர், இந்துவும் அல்லர், முஸ்லிமும் அல்லர். யூத குலத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ரூபி மையர்ஸ். உலகம் அறிந்த பெயர் சுலோசனா.

வாய் பேசாத படம்

ஊமைப்படம் எப்படி ஓடியது என்பதை இளைய தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடிகர்கள் உதட்டை அசைப்பார்கள், சத்தம் வராது. முக்கியமான இடங்களில் காட்சி நின்று, எழுத்து அட்டை ஒன்று திரையில் தோன்றும். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம். தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று, அட்டையில் உள்ளதை உரக்கப் படித்து விளக்கம் சொல்லுவார். திரைக்கு முன்னால் ஆர்மோனியமும் தபேலாவும் முழங்கும்.

இதில் ஒரு பெரிய வசதி இருந்தது. அட்டையை மாற்றிவிட்டால் ஒரே படம் பம்பாயிலும் ஓடும், லாகூரிலும் ஓடும், சென்னையிலும் ஓடும். நடிகருக்கு எந்த மொழி தெரியும் என்று கேட்பார் இல்லை. முகம் பேசினால் போதும், கண் பேசினால் போதும்.

சமையல்காரர் போட்ட பெண் வேடம்

வசதி இருந்ததே தவிர, நடிக்கப் பெண்கள் இல்லை. தாதாசாகேப் பால்கே 1913-ஆம் ஆண்டில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தை எடுத்தபோது, தாராமதி வேடத்துக்கு ஒரு பெண்ணைத் தேடி அலைந்தார். ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞருக்குச் சேலை கட்டித் தாராமதியாக்கினார். 1917-இல் வந்த ‘லங்கா தகன்’ படத்தில் ராமனும் அவரே, சீதையும் அவரே!

குடும்பப் பெண் கேமராவுக்கு முன்னால் நிற்பது மானக்கேடு என்று சமூகம் நினைத்த காலம் அது. அந்தக் கட்டுக்கு வெளியே இருந்த சிலர்தாம் முதலில் துணிந்து வந்தார்கள். நடன, நாடகக் குடும்பத்துப் பெண்கள், ஆங்கிலோ-இந்தியப் பெண்கள், யூதப் பெண்கள் ஆகியோர் அவர்கள். சீதாதேவி என்ற பெயரில் புகழ் பெற்றவர் ரெனீ ஸ்மித் என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண்.

கல்கத்தா யூதப் பெண்ணான எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம், பிரமிளா என்ற பெயரில் நடித்தார். இவர் தொழில் தொடங்கிய விதமே சுவையானது. ஊர் ஊராகச் சென்ற பார்சி நாடகக் கம்பெனி ஒன்று, நாடகத்தோடு படமும் காட்டி வந்தது. ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருளை மாட்டும்வரை ஜனங்கள் பொறுமை இழக்காமலிருக்க, மேடையில் தோன்றி நடனமாடுவதே இவருடைய வேலை. இதே பிரமிளாதான் 1947-இல் முதல் ‘மிஸ் இந்தியா’வாகத் தேர்வு பெற்றார்.

பாக்தாத்திலிருந்து வந்த குடும்பங்கள்

இந்தியாவில் யூதர்களா என்று சிலர் வியக்கலாம். கொச்சியில் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்தார்கள். கொங்கணக் கரையில் ‘பெனே இஸ்ரேல்’ என்ற பிரிவினர் இருந்தனர். மூன்றாவது பிரிவினர் பாக்தாத் முதலிய அரபு நாட்டு நகரங்களிலிருந்து வணிகத்துக்காகப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தவர்கள். புகழ்பெற்ற சசூன் வணிகக் குடும்பம் இந்தப் பிரிவுதான். புனா நகரில் செங்கல்லால் ஓங்கி நிற்கும் யூதத் தொழுகைக்கூடம் டேவிட் சசூன் கட்டத் தொடங்கியது.

ஜொகூர்வாசிகளாகிய நமக்கு இவர்கள் அவ்வளவு அந்நியர்களும் அல்லர். இதே பாக்தாத் யூதர்களில் ஒரு கிளை சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வந்து சேர்ந்தது. கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் வாட்டர்லூ சாலைக்குப் போனால், 1878-இல் எழுந்த அவர்களுடைய தொழுகைக்கூடத்தை இன்றும் காணலாம். 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்தாம்.

ரூபி மையர்ஸ் 1907-இல் புனாவில் பாக்தாத் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வளர்ந்து பம்பாய்க்கு வந்து, தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நாளில் தொலைபேசியைக் கையில் எடுத்தால் முதலில் கேட்பது இணைப்பு கொடுக்கும் பெண்ணின் குரல். ஆக, ரூபி மையர்ஸுக்குச் சோறு போட்டது அவருடைய குரல்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாட்டேன் என்றவர் ராணியானார்

கோகினூர் பிலிம் கம்பெனியைச் சேர்ந்த டைரக்டர் மோகன் பவனானி, அந்த இளம்பெண்ணின் அழகைக் கண்டு நடிக்க அழைத்தார். ரூபி மறுத்துவிட்டார். நல்ல வேலையை விட்டுவிட்டு, நாலு பேர் ஏசும் தொழிலுக்கு யார் போவார்? பவனானி விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். நடிப்பு என்றால் என்னவென்றே அறியாத அந்தப் பெண் கடைசியில் சம்மதித்தார்.

சுலோசனா என்ற பெயர் எவ்வளவு பொருத்தம், பாருங்கள்! இராமாயணக் கதைகளில் இந்திரஜித்தின் மனைவிக்கு அந்தப் பெயர். அழகிய கண்களை உடையவள் என்று பொருள். வாய் பேசாத படத்தில் நடிக்க வந்தவருக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

1925-இல் ‘வீர் பாலா’ வந்தது. அதே ஆண்டில் ‘சினிமா நி ராணி’. பெயருக்கேற்ப அவர் சினிமாவின் ராணியாகவே ஆகிவிட்டார். நம் ஜொகூர் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது 1924-இல். அதற்கு அடுத்த ஆண்டுதான் இது என்றால் காலம் உங்களுக்குப் புரியும்.

1926-இல் சந்துலால் ஷா எடுத்த ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ படத்தில் சுலோசனாவோடு நடித்தவர்களில் ஒருவர் நம்மவர். புதுக்கோட்டையிலிருந்து பம்பாய் சென்று, கட்டுமஸ்தான உடலால் பெயர் வாங்கிய ராஜா சாண்டோதான் அவர். பிற்காலத்தில் தமிழ்நாடு திரும்பி, 1935-இல் ‘மேனகா’ பேசும்படத்தை டைரக்ட் செய்தவரும் அவரே.

படங்களின் பெயர்களைக் கவனித்தீர்களா? புராண நாயகிகளை மட்டுமே பார்த்துப் பழகிய ஜனங்கள், டைப் அடித்துச் சம்பாதிக்கும் பெண்ணையும், பட்டம் படித்த பெண்ணையும் திரையில் கண்டார்கள். 1929-இல் வந்த ஒரு படத்தின் பெயரே ‘இந்திரா பி.ஏ.’!

1927-இல் வந்த ‘வைல்ட்கேட் ஆப் பாம்பே’ படத்தில் சுலோசனாவுக்கு எட்டு வேடங்கள். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பொறுக்கிச் சிறுவன், வாழைப்பழம் விற்கும் பெண், பொன்னிறக் கூந்தல் கொண்ட ஐரோப்பியப் பெண் என்று மாறி மாறித் தோன்றினார். ‘நவராத்திரி’ படத்தில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்களில் வந்ததை நாம் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அது 1964. அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, குரலை மாற்றிக் காட்டும் வசதிகூட இல்லாமல், முகத்தையும் நடையையும் மட்டுமே வைத்து ஒரு பெண் எட்டுப் பேராக மாறியிருக்கிறார்.

பிறகு அவர் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் பிலிம் கம்பெனிக்கு மாறினார். 1928-இல் ‘மாதுரி’யும் ‘அனார்கலி’யும் வெளிவந்தன. சலீம் - அனார்கலி காதலை வேறொரு கம்பெனியும் படமாக்கிக்கொண்டிருந்தது. அதில் நாயகி, முன்பு சொன்ன சீதாதேவி. இரானி முந்திக்கொண்டார், அவசர அவசரமாகச் சுலோசனாவை வைத்து எடுத்துத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் புகழுக்கு ஒரு சான்று. காந்தியடிகள் கதர்க் கண்காட்சியைத் திறந்து வைத்த காட்சியை ஒரு குறும்படமாகக் காட்டியபோது, ‘மாதுரி’யில் சுலோசனா ஆடிய நடனத்துக்கு ஒலி சேர்த்து அதனுடன் இணைத்தார்களாம்!

1931: திரை வாய் திறந்தது

அமெரிக்காவில் 1927-இலேயே ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்துவிட்டது. அதில் பாடிப் பேசிய ஆல் ஜால்சனும் மேடையில் வளர்ந்த ஒரு யூதக் கலைஞர்தாம். குரல் ஜால்சனை உயர்த்தியது. ஆனால் ஊமைப்படத்தில் கொடிகட்டிப் பறந்த எத்தனையோ பேருக்கு அதுவே வினையாயிற்று. சார்லி சாப்ளினே பேசத் தயங்கி, 1931-இல் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை வசனமில்லாமல்தான் வெளியிட்டார்.

இந்தியாவில் முதல் பேசும்படத்தை எடுத்தவர் யார் தெரியுமா? சுலோசனாவின் முதலாளியான அதே அர்தேஷிர் இரானி! ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை. ரயில் சத்தம் ஓய்ந்த பிறகு நள்ளிரவு தாண்டித்தான் படம் பிடித்தார்கள். 1931 மார்ச் 14-ஆம் தேதி பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் ‘ஆலம் ஆரா’ வெளியானது. கூட்டத்தை அடக்கப் போலீஸ் வந்தது.

அந்தப் படத்தில் சுலோசனா இல்லை. நாயகி, ஜுபைதா.

ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் சுலோசனா. இந்துஸ்தானி வசனத்தைத் தெளிவாகப் பேச அவருக்கு வரவில்லை. இந்தச் சங்கடம் அவருக்கு மட்டுமல்ல. ‘ஆலம் ஆரா’வின் நாயகன் மாஸ்டர் விட்டலுக்கே வசன உச்சரிப்பு சரியில்லை என்று, பல காட்சிகளில் அவரை மயக்கத்தில் இருப்பவராகக் காட்டிச் சமாளித்தார்கள்!

இங்கே தமிழர்களாகிய நாம் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அதே 1931-இல், அதே இம்பீரியல் கம்பெனி, ‘ஆலம் ஆரா’வுக்குப் போட்ட அதே அரங்கங்களில் இன்னொரு படத்தையும் எடுத்தது. அதுதான் தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’. எச்.எம். ரெட்டி டைரக்ட் செய்தார். நாயகி, திருவையாற்றில் பிறந்து, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து ஆடியும் பாடியும் பழகிய டி.பி. ராஜலட்சுமி. அவர் தமிழில் பேசினார். நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். படப்பெட்டி சென்னைக்கு வந்தபோது தேங்காய் உடைத்து ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். அக்டோபர் 31-ஆம் தேதி கினிமா சென்ட்ரலில் திரையிட்டார்கள்.

ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு. பாடத் தெரிந்த நாடகப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்தது. ஊமைத்திரையின் ராணிக்கு மூடியது. ராஜலட்சுமி அம்மையாரின் உயர்வை நினைத்துப் பெருமைப்படும்போது, அந்தப் பக்கம் திகைத்து நின்ற இருபத்து நான்கு வயதுப் பெண்ணையும் நாம் நினைக்கத்தான் வேண்டும். குரலை வைத்துப் பிழைத்தவர், குரல் தேவைப்படாத தொழிலில் உச்சிக்கு ஏறினார். ஏறிய பிறகு, ‘குரல் எங்கே?’ என்று அதே தொழில் அவரைக் கேட்டது!

ராணி மாணவியானார்

சுலோசனா என்ன செய்தார்? அழுதுகொண்டு உட்காரவில்லை. சம்பாதித்தது போதும் என்று ஒதுங்கவும் இல்லை. ஓராண்டு நடிப்பை நிறுத்திவிட்டு, இந்துஸ்தானி மொழியைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார்.

நாடெங்கும் பெயர் பரவிய ஒருவர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைப்போல் ஒரு மொழியை முதலிலிருந்து தொடங்குவது எளிதா? உச்சியில் இருப்பவருக்குத் தன்னால் முடியாததை ஒப்புக்கொள்வதே பெரும் பாடு.

1932-இல் திரும்பி வந்தார். அதுவும் எந்தப் படத்தோடு? அதே ‘மாதுரி’, இப்போது பேசும்படமாக! தொடர்ந்து தம் பழைய வெற்றிகளை ஒவ்வொன்றாகப் பேச வைத்தார். 1934-இல் ‘இந்திரா எம்.ஏ.’ ஐந்தாண்டுகளுக்கு முன் பி.ஏ. படித்திருந்த இந்திரா இப்போது எம்.ஏ. முடித்துவிட்டாள் என்று ரசிகர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கலாம்! 1935-இல் ‘அனார்கலி’. 1936-இல் எட்டு வேடப் படத்தின் கதை ‘பம்பாய் கி பில்லி’யாக வந்தது.

மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பம்பாய் கவர்னரைவிட அதிகம் வாங்குகிறார் என்று ஊரே பேசியது. பளபளக்கும் செவர்லே கார் வைத்திருந்தார். டி. பில்லிமோரியாவோடு அவர் சேர்ந்த ஜோடி, 1933 முதல் 1939 வரை தொடர்ந்து நடித்த புகழ்பெற்ற ஜோடி. ‘ரூபி பிக்ஸ்’ என்று சொந்தப் படக் கம்பெனியும் தொடங்கினார்.

மூன்று அனார்கலிகள்

ஆனாலும் காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. முப்பதுகளின் இறுதியில் புதிய முகங்கள் வந்தன. சொந்தக் குரலில் பாடும் நட்சத்திரங்கள் வந்தார்கள். சுலோசனாவுக்கு நாயகி வேடங்கள் குறைந்தன. பிறகு நின்றே போயின. அக்கா, அம்மா, அத்தை என்று சின்னச் சின்ன வேடங்கள் வந்தன. அவையும் எப்போதாவதுதான்.

1953-இல் மறுபடியும் ‘அனார்கலி’ எடுத்தார்கள். நாயகி பீனா ராய். தமிழில் 1955-இல் நாகேஸ்வர ராவும் அஞ்சலிதேவியும் நடித்து வந்த ‘அனார்கலி’யை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதே கதைதான். அந்த 1953 படத்திலும் சுலோசனா நடித்தார். என்ன வேடத்தில்? சலீமின் தாயாக!

1928-இல் ஊமை அனார்கலி, 1935-இல் பேசும் அனார்கலி. 1953-இல் தாய்க்கோலம் பூண்டு, வேறொரு பெண் அனார்கலியாக நிற்பதைப் பார்த்து நின்றார். ஒரு நடிகையின் வாழ்க்கை முழுவதையும் ஒரே கதை இப்படி அளந்து காட்டுவது அபூர்வம். வேண்டாம் என்று அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. எழுபதுகளிலும் சிறு வேடங்களில் தோன்றிக்கொண்டுதான் இருந்தார்.

நம் வீட்டுக் கதையும்தான்

இதை ஒரு நடிகையின் கதை என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிட முடியவில்லை. அவருடைய தொழிலின் விதிகள் மாறிய அதே காலத்தில்தான், 1930-க்கும் 1932-க்கும் இடையே, ரப்பர் விலை சரிந்து, நம் முன்னோர் பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிற்காலத்தில் பால்மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. பால்மரம் சீவிய கை, செம்பனைக் குலை வெட்டக் கற்றது. தோட்டம் விட்டு பாசிர் கூடாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் வந்தவர்கள், நடுவயதில் இயந்திரம் கற்றார்கள், புதுமொழி கற்றார்கள்.

தொழில் மாறும்போது மனிதனின் கைத்திறன் ஒரே நாளில் செல்லாக்காசு ஆகிவிடுகிறது. அது அவன் குற்றமல்ல. சுலோசனாவின் கண்கள் 1931-இல் அழகு குறைந்துவிடவில்லை. கேட்பவர்கள்தாம் வேறொன்றைக் கேட்டார்கள். ஓராண்டுப் படிப்பு அவருக்குப் பல ஆண்டு வாழ்வைக் கொடுத்தது. என்றென்றைக்குமான வாழ்வைக் கொடுக்கவில்லை. எந்தப் படிப்பும் அப்படிக் கொடுப்பதில்லை. ஆனால் அந்த ஆண்டுகள் அவர் உழைத்துச் சம்பாதித்தவை. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல.

மறைந்த படங்களும் வந்த விருதும்

ஊமைக் காலத்தில் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அந்தக்காலப் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. போதாக்குறைக்கு, பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பழைய சுருள்களை எடைக்கு விற்றார்கள். ‘ஆலம் ஆரா’வும் இல்லை, நம் ‘காளிதா’ஸும் இல்லை. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைப் புனாவில் தொடங்கினார்கள். சுலோசனா பிறந்த ஊர்தான்! ஆனால் அதற்குள் பெரும்பகுதி அழிந்துவிட்டிருந்தது.

படங்கள் போனாலும் பெயரை நாடு மறக்கவில்லை. இந்தியத் திரையுலகின் மிக உயர்ந்த மரியாதையான தாதாசாகேப் பால்கே விருது, 1973-ஆம் ஆண்டுக்குச் சுலோசனாவுக்கு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் சிவாஜி கணேசன் பெற்ற விருது இதுவே. முதல் விருது 1969-இல் தேவிகா ராணிக்கு. அவருக்குப் பிறகு இதைப் பெற்ற பெண் சுலோசனாதான். பத்தாண்டுகள் கழித்து, 1983 அக்டோபர் 10-ஆம் தேதி பம்பாயில் காலமானார்.

அந்த விருது யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், நேயர்களே! நடிக்க ஒரு பெண்கூடக் கிடைக்காமல், சமையல்காரருக்குச் சேலை கட்டிய அதே பால்கே! அன்று ஊருக்கு அஞ்சி எந்தப் பெண்ணும் நுழையாத அந்த வாசலில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தொலைபேசி இணைப்பு கொடுத்த யூதப் பெண் ஒருத்தி காலடி எடுத்து வைத்தாள். அவர் பெயரால் அமைந்த விருது கடைசியில் அவளைத் தேடி வந்ததில் வியப்பென்ன இருக்கிறது?